ஏழு கிலோமீட்டர்

டொலோன் கணவாய் இறக்கத்தில் விளக்கு எரிந்தது.
மூக்கு வைத்த எண்ணெய்க் குவளை,
மூக்கு நுனியில் ஒரு சொட்டு,
சிவப்பு.
வண்டியில் மூன்று பயணிகள்.
ஒருத்திக்கு நாரினில் பல் பிடுங்க நேரம் குறித்திருந்தது.
நான் ஓரங்கட்டியபோது
ஏழு கிலோமீட்டர் ஓடியிருந்தது ஆடி.

ஏழு.
எசென்துர் அதை ஒரு வாரம் சொன்னான்.
ரொட்டியைப் பிய்க்கும்போது சொன்னான்,
பூட்ஸ் கயிறு கட்டும்போது சொன்னான்,
அவன் அக்காவுக்குப் போனில் சொன்னான்.
"கண்ணை எங்கே வைத்திருந்தாய், சாய்ரா?
விளக்கைப் பார்க்கவில்லையா?"
சாலையில் வைத்திருந்தேன்.
பனி பிடித்த சாலை. நடுவே குதிரைகள் வேறு.

சனிக்கிழமை கராஜில் மைனஸ் ஒன்பது.
உத்தரத்தில் சங்கிலி போட்டு
இஞ்சினை அந்தரத்தில் நிறுத்தினோம்.
அடித்தொட்டியின் போல்ட்டுகளை எண்ணி எண்ணிச்
சோப்பு டப்பாவில் போட்டேன்.
"பம்பு இதற்குள்தான்" என்றான்.
அவன் மாமாவின் ஜிகுலியில் அங்கேதான் இருந்ததாம்.
இல்லை.
வளைந்த குழாய் ஒன்று மட்டும் தொங்கியது,
முனையில் சல்லடை.

மல்லாந்து படுத்தபடி
குழாயின் மறுமுனையை விரலால் தேடிப் போனேன்.
முன்பக்கம் ஏறியது.
பல் வைத்த பெல்ட்டுக்குப் பின்னால்
கிராங்க் தண்டின் நுனியில்
மோதிரம் மாதிரி மாட்டிக்கொண்டு
இருந்தது பம்பு.
தண்டு சுற்றினால் அதுவும் சுற்றியாக வேண்டும்.
இடையில் சங்கிலி இல்லை, சாக்குப்போக்கு இல்லை.

அதை எடுக்க, அதற்கு முன்னால் ஒரு போல்ட்.
தொழிற்சாலையில் அதை முடுக்கியவன்
அன்று யாரோடு சண்டை போட்டுவிட்டு வந்தானோ.
பக்கத்துக் கராஜ் யர்மத்திடம்
தண்ணீர்க் குழாய் இரவல் வாங்கி
ஸ்பானர் கைப்பிடியில் சொருகினோம்.
எசென்துர் தொங்கினான். அசையவில்லை.
நான் ஏறி நின்றேன்.
என் எடையைப் பற்றி இதுவரை அவன் சொன்னதெல்லாம்
முதன்முறையாகப் பயன்பட்டது.
டப்பென்று வெடித்தது.
யர்மத்தின் நாய் வெகுநேரம் குரைத்தது.

பம்பைத் திறந்தோம்.
ஒன்றுக்குள் ஒன்றாய் இரண்டு பற்சக்கரங்கள்,
நடுவில் ஒரு பிறை.
பிறையில் கீறல், மூடியில் கீறல்,
நகம் மாட்டுகிற ஆழம்.
"ஏழு கிலோமீட்டர்" என்றான்.

நான் சல்லடையைக் கழற்றி
வெளிச்சத்தில் பிடித்தேன்.
என்னவோ அடைத்திருந்தது.
ஊசியால் இழுத்தேன், வந்தது,
வந்துகொண்டே இருந்தது,
லக்மான் நூடுல்ஸ் போல, ஆனால் ரப்பர்,
ஆனால் சிவப்பு.

போன வசந்தத்தில் தொட்டி கசிந்தபோது
கேஸ்கட்டுக்குத் தண்டச் செலவு எதற்கென்று
ஒரு முழு டியூப் சிலிக்கானைப் பிதுக்கி ஒட்டியவன்
எசென்துர்.
காலி டியூப் இன்னும் அலமாரியில்,
மூடியில்லாமல்.

டார்ச் என் கையில்தான் இருந்தது.
அவன் முகத்தில் அடிக்கவில்லை.
இழைகளைத் துணிமேல் வரிசையாக வைத்தேன்.
பதினொன்று.
அதற்குப் பிறகு அந்தக் கராஜில்
ஏழு என்ற எண் கேட்கவில்லை.

வேறு பம்பு பிஷ்கெக்கிலிருந்து
மினிபஸ்காரர் கையில் வந்தது,
பழைய நாளிதழில் சுற்றி.
கூடவே, நான் கேட்காமலே, ஒரு கேஸ்கட்.
காய்ந்த பம்பு உறிஞ்சாது.
வாஸ்லைன் இருக்கிறதா என்றான்,
தரையைப் பார்த்து.
உதட்டு வெடிப்புக்கு வாங்கியது, அரை டப்பா இருந்தது.
ஒவ்வொரு பல்லிடுக்கிலும் விரலால் நிரப்பினான்.
இத்தனை பொறுமையை
அந்த டப்பா எங்கள் வீட்டில் கண்டதில்லை.

மின்பொறி வயரைப் பிடுங்கிவிட்டு
ஸ்டார்ட்டரை மட்டும் சுழற்றினேன்.
விளக்கு எரிந்தது.
எரிந்தது.
பேட்டரி முனகியது.
எரிந்தது,
அணைந்தது.

சன்னலுக்குள் தலையை நீட்டினான்.
"பார்த்தாயா?"
"பார்த்தேன்" என்றேன்.

மறுநாள் அலமாரியில் டியூப் இல்லை.
திங்கள் காலை அதே பல்காரி,
கன்னம் வீங்கி, முன்சீட்டில் ஏறி,
ஒரு பக்க வாயால் கேட்டாள்:
இன்றைக்காவது போய்ச் சேருமா?